ஃப்ரீசரில் வைத்த ஆரஞ்சு மட்டும் கசக்கிறது, எலுமிச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

புளிப்புப்பிரியை
வணக்கம். ஒரே சமயத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும் நிறையச் சேர்ந்துவிட்டன. வீணாக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, முழுப் பழமாகவே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துகிறேன். எலுமிச்சையில் குறையே இல்லை. முன்பைவிடச் சுலபமாகச் சாறு வருகிறது. ஆரஞ்சுதான் தொல்லை. ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுக் காலையில் உரித்தால், சுளையாக வராமல் கூழாக வருகிறது. சரி, பிழிந்தாவது குடிக்கலாம் என்றால் சாறு கசக்கிறது. வைக்கும்போது நல்ல இனிப்பு. கொட்டையில்லாத வகை.

மிச்சத்தைக் காப்பாற்ற வழி உண்டா? இன்னும் ஃப்ரீசருக்குப் போகாத பழங்களும் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றை எப்படி வைப்பது? ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில்தான் ஓடுகிறது.

அவசரசமையல்
கசந்தால் கெட்டுப்போனது என்றுதான் அர்த்தம், தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவை காய்கறிக்குச் செய்வதுபோலக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவிட்டு வையுங்கள்.

சாறும்சக்கையும்
கெடவில்லை, தூக்கிப் போட வேண்டாம். கொதிநீரும் வேண்டாம். காய்கறியைக் கொதிநீரில் போடுவது அதிலுள்ள நொதிகளை அடக்கத்தான். புளிப்புப் பழங்களுக்கு அது தேவையில்லை, சூடுபட்டால் கசப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

நடப்பது இதுதான். ஆரஞ்சின் வெள்ளைத் தோலிலும், சுளையைச் சுற்றியுள்ள சவ்விலும், கொட்டையிலும் ஒரு பொருள் இருக்கிறது. அதற்குத் தனியாகச் சுவை கிடையாது. பழம் முழுசாக இருக்கும்வரை அது சாற்றோடு கலப்பதில்லை. பழம் உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. பிறகு உருகும்போது சாறு எல்லாப் பக்கமும் பரவி, சாற்றின் அமிலம் அந்தப் பொருளோடு சேர, அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சாத்துக்குடிச் சாற்றைப் பிழிந்து வைத்துவிட்டு வெகுநேரம் கழித்துக் குடித்தால் கசக்குமே, அதே கதைதான். நீங்கள் ராத்திரி முழுக்க உருகவிட்டதால் அதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது.

கொட்டையில்லாத வகை என்கிறீர்கள். பழத்தின் அடியில் தொப்புள் மாதிரி ஒரு குழி இருந்தால் அது நேவல் ஆரஞ்சு. உரித்துத் தின்ன அருமையான பழம், ஆனால் பிழிந்து வைத்தால் கசப்பதில் பேர்போனது. சாறு எடுத்து வைக்க வலென்சியா வகையைத் தேடுவது இதனால்தான்.

புளிப்புப்பிரியை
ஆமாம், தொப்புள் இருக்கிறது! அப்படியானால் எலுமிச்சை மட்டும் ஏன் தப்பித்தது?

சாறும்சக்கையும்
முழுசாகத் தப்பிக்கவில்லை, அதிலும் லிமோனின் உண்டு. ஆனால் எலுமிச்சைச் சாற்றை நாம் யாரும் டம்ளர் டம்ளராக அப்படியே குடிப்பதில்லை. தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து நீர்க்கவிட்டால் லேசான கசப்பு தெரியாது. சுலபமாகச் சாறு வருகிறது என்றீர்களே, அதற்கும் செல் சுவர் கிழிந்ததுதான் காரணம். எலுமிச்சையில் லாபமானது ஆரஞ்சில் நஷ்டமாகிவிட்டது.

ஃப்ரீசரில் மீதி இருக்கும் ஆரஞ்சை ராத்திரி முழுக்க உருகவிடாதீர்கள். கல்போல இருக்கும்போதே மேல்தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் துருவி எடுத்துவிடுங்கள், அதை வீணாக்குவது பாவம். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, கத்தி இறங்கும் அளவுக்கு இளகியதும் வெள்ளைத் தோலை முழுக்கச் சீவிவிட்டு, கையால் மெதுவாகப் பிழிந்து உடனே வடிகட்டிக் குடித்துவிடுங்கள். மிக்சியில் அடித்தால் சவ்வும் அரைபட்டுச் சாற்றில் கலந்துவிடும். ஏற்கெனவே கசந்த சாற்றை இனிப்பாக்க வழியில்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் நாக்கில் கசப்பு கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

பனிப்பெட்டி
இன்னும் வைக்காத பழங்களைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஒரு பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் ருசி பாருங்கள். கசந்தால் அந்த வகையைச் சாறாக உறைய வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், அப்படியே உரித்துத் தின்றுவிடலாம். கசக்காவிட்டால் தாராளமாகச் சாறு எடுத்து வைக்கலாம்.

பிழிவதற்கு முன்பே தோலைத் துருவிவிடுங்கள். பிழிந்து சாறு போன பழத்தின் தோலைத் துருவ முயன்றால் விரல்தான் துருவப்படும். பிழியும்போது கடைசிச் சொட்டுவரை அழுத்த வேண்டாம், வெள்ளைத் தோல் நசுங்கி அதிலுள்ளதும் சாற்றில் இறங்கிவிடும். வடிகட்டிய சாற்றைப் பிளாஸ்டிக் அல்லது சிலிகான் ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அமிலம் அதோடு வினைபுரியும். ட்ரேயின் ஒரு குழி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 முதல் 30 மில்லி அளவு பிடிக்கும். ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் சமைக்கும்போது கட்டிகளை எண்ணிப் போட்டால் போதும்.

உறைந்ததும் கட்டிகளை ஜிப் கவருக்கு மாற்றி, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதிவிடுங்கள். பலர் ட்ரேயிலேயே விட்டுவிடுகிறார்கள். திறந்து கிடந்தால் கட்டி மெல்லச் சுருங்கும், வாசனை பறந்துவிடும், பக்கத்திலிருக்கும் பூண்டு வாசனை அதில் ஏறும். சாறு 3, 4 மாதம்வரை நல்ல ருசியோடு இருக்கும். மைனஸ் 18-இலேயே இருந்தால் அதற்கு மேலும் கெட்டுப்போகாது, ஆனால் மணம் குறைந்துகொண்டே போகும்.

கண்ணாடிக்காரன்
நடுவில் ஒரு சந்தேகம். நான் எலுமிச்சைச் சாற்றைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மேலே இடமும் விட்டுத்தான் ஃப்ரீசரில் வைத்தேன். ஆனாலும் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

பனிப்பெட்டி
பாட்டிலுக்குக் கழுத்து குறுகலா? தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். கழுத்து குறுகியிருந்தால், விரியும் பனிக்கட்டி மேலே ஏற முடியாமல் தோளில் முட்டிக்கொள்ளும். இடம் விட்டிருந்தும் பயனில்லை. வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருக்கிற, ஃப்ரீசருக்கென்றே செய்த ஜாடிகள் கிடைக்கின்றன. அதிலும் ஓரிரு விரல் இடம் விட வேண்டும். விரிசல் விட்ட பாட்டிலில் இருக்கும் சாற்றை வடிகட்டிக்கூடப் பயன்படுத்தாதீர்கள், கண்ணாடித் தூள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணாடிக்காரன்
குறுகல்தான். புரிந்தது, நன்றி.

புளிப்புப்பிரியை
எனக்குச் சுளையாகத்தான் வேண்டும் என்றால்? பழக்கலவையில் போட ஆசை.

சாறும்சக்கையும்
உருகிய பிறகு புதுப் பழத்தின் கடிபதம் வராது, அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பாதி உருகிய நிலையில் போட்டால் நன்றாகவே இருக்கும். தோலும் வெள்ளையும் போக உரித்து, ஒவ்வொரு சுளையிலிருந்தும் சவ்வை நீக்கிவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கசப்பின் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஈரம் வடிந்த சுளைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, கெட்டியாக உறைந்ததும் கவரில் போடுங்கள். நேராகக் கவரில் கொட்டினால் ஒரே பாறையாகிவிடும். சர்க்கரைப் பாகில் மூழ்கவைத்து உறைய வைக்கும் முறையும் உண்டு. அதில் பதமும் நிறமும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சர்க்கரை அதிகமுள்ள பாகு கல்போல உறையாமல் குழைவாக இருக்கும், அதைப் பார்த்து ஃப்ரீசர் ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவசரசமையல்
சரி, கொதிநீர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். முழு எலுமிச்சையை எப்படி உருகவிடுவது? என்னிடமும் ஒரு பை இருக்கிறது.

பனிப்பெட்டி
தோல் வேண்டுமென்றால் உறைந்த நிலையிலேயே துருவிவிடுங்கள். உருகிய பின் தோல் தொளதொளவென்று ஆகிவிடும், துருவி வழுக்கும். சாறு மட்டும் போதுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் 10, 15 நிமிடம் போட்டால் பிழியலாம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் மணமும் சுவையும் மேலும் போய்விடும்.

புளிப்புப்பிரியை
இன்றைக்கு ஒரு ஆரஞ்சை நீங்கள் சொன்னபடி, பாதி இளகியதும் வெள்ளையைச் சீவிப் பிழிந்து பார்த்தேன். கசப்பு நாக்கின் நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போன மாதிரி இருந்தது, குடிக்க முடிகிறது. புதுப் பழம் ஒன்றைப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், காலையில் ருசி பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். துருவிய தோலைத் தனியாக எவ்வளவு நாள் வைக்கலாம்?

சாறும்சக்கையும்
சிறு டப்பாவில் இறுக்கி மூடினால் சில மாதம் மணக்கும். மணம் தோலிலுள்ள எண்ணெயில்தான் இருக்கிறது, டப்பாவை அடிக்கடி திறந்தால் அது பறந்துவிடும். ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சமையலில் போட அதை உருகவிட வேண்டிய அவசியமே இல்லை.