பயண நேரத்துக்குத் தனி பில்லா, நாள் கட்டணத்துக்குள் அடக்கமா?

பிஎல்சி_கோவை:
கோவையிலிருந்து ஓசூர் ஆலைக்கு பிஎல்சி கமிஷனிங் வேலை, அதாவது இயந்திரத்தை இயக்கும் கண்ட்ரோலரை ஆலையில் ஓட வைத்துக் கொடுப்பது. போக 6 மணி நேரம், வர 6. தனியாகத் தொழில் செய்பவர் இந்த 12 மணி நேரத்தை எப்படி பில் போடுவது?

செல்வா_பேனல்:
நாள் கட்டணத்துக்குள் அடக்கிவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரே வரி இருந்தால் பணம் சீக்கிரம் வரும். டிக்கெட், ஓட்டல் பில் எல்லாம் இணைத்தால், ஒரு துண்டுச் சீட்டு குறைகிறது என்று அக்கவுண்ட்ஸில் முழு பில்லையும் நிறுத்திவிடுவார்கள்.

தறி_ஆட்டோமேஷன்:
செல்வா சார், ஒரே தடவை போனால்தான் அந்தக் கணக்கு சரி. மோட்டாருக்கு சப்ளை வரவில்லை, சென்சார் கேபிள் இழுக்கவில்லை என்று மூன்று தடவை போக வைத்தால், இரண்டு பயணம் நம் தலையில். நாளுக்கு 8,000 என்றால் மணிக்கு 1,000. பயணத்துக்கு அதில் பாதி, ஒரு வழிக்கு 3,000 என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். சொந்தக் காரில் போனால் பெட்ரோல் காசு மட்டும் கேட்காதீர்கள். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றாலே கிலோமீட்டருக்கு 6.70. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், தேய்மானம் சேர்த்தால் 12க்குக் குறைந்து கட்டாது. ஆலை தயாராகாமல் சும்மா உட்காரும் நாளுக்கும் முழுக் கட்டணம் என்ற வரி கட்டாயம் வேண்டும். பாதிச் சண்டை அது இல்லாததால்தான்.

பிஎல்சி_கோவை:
டிக்கெட், அறை வாடகையை 'ரீஇம்பர்ஸ்மென்ட்' என்று தனியாகக் காட்டினால் ஜிஎஸ்டி வராதுதானே?

கணக்கர்_ஈரோடு:
வரும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் வேலைக்காகச் செய்து வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் செலவு, ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 15(2)(சி)படி சேவை மதிப்போடு சேரும். அதற்கும் 18 சதவீதம். ஜிஎஸ்டி விதி 33இல் உள்ள 'ப்யூர் ஏஜென்ட்' விலக்கு, வாடிக்கையாளர் சார்பில் அவருக்காக வாங்கிக் கொடுத்ததற்கு மட்டும்தான். நீங்கள் தங்கிய அறைக்குப் பொருந்தாது. இன்னொன்று, பெங்களூர் பீன்யாவில் வேலை என்று அங்கே தங்கினால், ஓட்டலில் கட்டிய கர்நாடக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியை (மத்திய, மாநிலப் பங்கு) தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க, அதாவது நீங்கள் கட்டும் வரியில் கழிக்க முடியாது. அந்த வரியையும் செலவாகச் சேர்த்தே விலை சொல்லுங்கள். ஆலையே டிக்கெட்டும் அறையும் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் பில்லுக்கே வராது.

செல்வா_பேனல்:
எல்லாவற்றுக்கும் 18 என்றால் பிரித்துக் காட்டி என்ன லாபம்?

தறி_ஆட்டோமேஷன்:
இரண்டாவது விசிட்டில் தெரியும். விசிட்டுக்கு ஒரு விலை இருந்தால்தான் கேபிள் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். நீங்கள் சொன்ன காகிதத் தொல்லை நிஜம்தான். அதனால் ரசீது இணைக்கத் தேவையில்லாத நிலையான தொகை வையுங்கள்: பயண நேரம் 6,000, பஸ், அறை, சாப்பாடு 3,500, ஆக விசிட்டுக்கு 9,500. ஜிஎஸ்டி தனி.

செல்வா_பேனல்:
ஓசூருக்கு அது சரி. திருப்பூர், பல்லடம் தூரத்துக்கு ஒப்ப மாட்டேன், அங்கே அடக்கம்தான்.