வாட்ச் காட்டும் ஸ்டெப் கணக்கு சரியாக இல்லை: நுரையீரல் புற்றுநோய் உள்ள அப்பாவின் நடமாட்டத்தை எப்படி அளப்பது?

நீலாம்பல்:
அப்பாவுக்கு 68 வயது. நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். போகும்போதெல்லாம் டாக்டர், "வீட்டில் எவ்வளவு நடமாடுகிறார்?" என்று கேட்கிறார். அப்பா "நல்லாத்தான் நடக்கிறேன்" என்பார். அம்மாவோ "எந்நேரமும் கட்டில்தான்" என்பார். இந்தப் பஞ்சாயத்து தீரட்டும் என்றுதான் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக அவர் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ராத்திரி ஆப்பைத் திறந்தால் 400 கூட இல்லை. ஆனால் உட்கார்ந்து துணி மடித்ததற்கு ஸ்டெப் ஏறியிருக்கிறது! ரீசெட் செய்தாச்சு, ஆப் அனுமதிகளும் பார்த்தாச்சு. வாட்ச்தான் கோளாறா? ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டெப் இருந்தால் போதும்?

ஒற்றைச்சக்கரம்:
எந்தக் கையில் கட்டியிருக்கிறோம் என்று செட்டிங்கில் கேட்கும். மாறியிருக்கிறதா பாருங்க.

நீலாம்பல்:
பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

பிசியோ_கை:
வாட்ச் கெட்டுப்போகவில்லை சகோதரி. உள்ளே இருக்கும் முடுக்கமானிக்கு (அசைவை உணரும் சென்சார்) கை ஆடினால்தான் நடை தெரியும். வாக்கரைப் பிடித்த கை ஆடாது. ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளுவோருக்கும் இதே கதை. மெதுவாக, காலைத் தேய்த்து நடந்தால் இடுப்பில் மாட்டும் கருவிகூட நிறைய ஸ்டெப்பை விட்டுவிடும். துணி மடிக்கும்போது கை ஆடியதா, அதை நடை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அப்பா நடக்கும்போது பக்கத்திலேயே நடந்து 100 ஸ்டெப் வாயால் எண்ணி வாட்ச்சோடு ஒப்பிடுங்கள். பிறகு அதையே கணுக்காலில் கட்டி இன்னொரு முறை. மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, டாக்டர் ஏன் அதைக் கேட்கிறார் என்பது. நோயாளி அன்றாடம் எவ்வளவு இயங்குகிறார் என்பதற்கு ஈகாக் (ECOG) என்று 0 முதல் 4 வரை ஒரு மதிப்பீடு உண்டு, எண் கூடக் கூட இயக்கம் குறைவு என்று அர்த்தம். வேலைக்குப் போக முடியாவிட்டாலும் தன் சொந்தத் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடினால் 2. பாதிக்கு மேல் கட்டிலிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3. எந்த மருந்து, எவ்வளவு தாங்குவார் என்பதையெல்லாம் முடிவு செய்யும்போது இந்த வித்தியாசம் பெரிது. அதனால் ஸ்டெப்பை விட, படுத்தும் உட்கார்ந்தும் போன நேரம்தான் உங்களுக்கு முக்கியம். ஆராய்ச்சிகளில் இதற்கென்றே தொடையில் ஒட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். தொடை சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்து, ஆள் நிற்கிறாரா இல்லையா என்று அது கண்டுபிடித்துவிடும். வீட்டில் அதற்குப் போக வேண்டாம், அம்மா எழுதும் ஒரு நோட்டு போதும்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் பார்க்கும் ஆறு நிமிட நடைச் சோதனையில் நன்றாக நடந்திருந்தால், அது போதாதா என்று நினைக்கலாம். அது அவரால் என்ன முடியும் என்று காட்டும். வீட்டில் என்ன செய்கிறார் என்று காட்டாது. இரண்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கும்.

"எத்தனை போதும்?" என்பதற்கு எண் சொல்ல மாட்டேன். ஆப் காட்டும் இலக்குகளும் 'மிதமான உழைப்பு' நிமிடங்களும் நோயில்லாத ஆட்களை வைத்துப் போட்டவை. அதில் 'லேசானது' என்று வருவதே உங்கள் அப்பாவுக்கு முழு மூச்சு வேலையாக இருக்கலாம். அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் கீமோ சுழற்சியின் அதே கட்டத்தோடு. மருந்து ஏறிய முதல் வாரத்தையும் அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்தையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ சரிந்துவிட்டது போலத் தோன்றி வீணாகப் பயப்படுவீர்கள். ஆய்வுகளில் பொதுவாக ஒரு வாரம் கட்டச் சொல்லி, 10 மணி நேரத்துக்குக் குறைவாகக் கட்டிய நாட்களைக் கழித்துவிடுவார்கள். குறைந்தது 4 நாளாவது தேறினால்தான் கணக்கில் எடுப்பார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

பழைய_நாற்காலி:
நானும் இதே நோய்க்காரன்தான் மகளே. ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அந்த எண்ணை அப்பாவிடம் காட்டாதே. எனக்குக் காட்டினார்கள். அதை ஏற்றுவதற்காகவே நடந்து நடந்து மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கட்டிய புதிதில் எல்லோரும் கொஞ்சம் கூடத்தான் நடப்போம், பார்க்கிறார்களே என்று!

பிசியோ_கை:
ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள் என்று நானே எழுதியிருக்க வேண்டும்.

நீலாம்பல்:
எண்ணிப் பார்த்தேன். 100-க்குக் கையில் 30 கூட வரவில்லை. கணுக்காலில் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. அப்பா சிரித்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்று அம்மாவைப் பார்த்தார். ஆனால் சாயங்காலம் வார் பதிந்த தடம் இருந்தது, ஒரு கால் மட்டும் லேசாக வீங்கின மாதிரி இருக்கு. வாரைத் தளர்த்தினால் போதுமா?

பிசியோ_கை:
போதாது. வாட்ச்சைக் கழற்றிவிட்டு இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்குவதை வாரின் மேல் பழிபோட்டு விடக்கூடாது. திடீரென்று மூச்சிரைப்பு கூடினாலோ நெஞ்சு வலித்தாலோ போனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள். காலை அமுக்கி, தேய்த்து விட வேண்டாம்.

நீலாம்பல்:
டாக்டரிடம் பேசிவிட்டேன். உடனே வரச் சொன்னார், ஸ்கேன் எடுக்கணுமாம். கிளம்புகிறோம். அம்மாவின் நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.