எந்திர முழங்காலை ஒருவரின் நடைக்கு ஏற்றபடி அமைப்பது 10 நிமிடத்தில் முடியுமா?

தாமரைக்குளம் (கேள்வி):

வணக்கம். டொராண்டோவில் வசிக்கும் என் அண்ணன் ஒரு சாலை விபத்தில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். இப்போது மைக்ரோபிராசசர் முழங்கால் பொருத்திய செயற்கைக்காலுடன் நடக்கிறார். சமதரையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போதும் படியேறும்போதும் முழுப் பாரமும் இடது காலின் மேல்தான் விழுகிறது. அதனால் மோட்டார் வைத்த எந்திரக் கால்களைப் பற்றி ஆர்வத்துடன் படித்து வருகிறார். அத்தகைய காலை அணிபவரின் நடைக்கு ஏற்றபடி 10 நிமிடத்தில் தானாகவே சரிசெய்யும் கணினி முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியிருப்பதாக ஒரு செய்தியில் கண்டோம். காலில் எதைத்தான் சரிசெய்கிறார்கள்? அந்த 10 நிமிடக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

விசைமூட்டு:

சகோதரி, நான் எந்திரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவன். உங்கள் அண்ணன் அணிந்திருப்பது, ஓட்டோபாக் நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய சி-லெக் காலின் வழியில் வந்த வகையாக இருக்க வேண்டும். மூட்டு மடங்கும்போது எவ்வளவு எதிர்ப்புக் கொடுப்பது என்பதைத்தான் அது நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. உடலை மேலே உந்தித் தூக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அவர் எழும்போது படும் சிரமத்துக்குக் காரணம் அதுவே. மோட்டார் வைத்த முழங்கால் அந்த உந்துதலைத் தரும். ஆனால் எந்தக் கணத்தில், எவ்வளவு தருவது என்பதை ஒவ்வொருவருக்கும் தனியாக வகுத்தாக வேண்டும்.

இதில் பரவலாகக் கையாளப்படும் முறையில் ஓரடி நடையை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்: தரையூன்றிச் சற்று மடங்குவது, ஊன்றியபடியே நிமிர்வது, காலைத் தூக்கி மடக்குவது, வீசி நீட்டுவது. ஒவ்வொரு கட்டத்திலும் மூட்டு, கதவில் பொருத்திய ஸ்பிரிங்கைப் போல நடந்துகொள்கிறது. அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு, அதன் வேகத்தை மட்டுப்படுத்தும் தணிப்பு, அது திரும்ப விரும்பும் கோணம் என மூன்று அளவுகள். நான்கு கட்டத்துக்கும் சேர்த்து 12 ஆகிறது. ஒன்றை மாற்றினால் அடுத்த கட்டத்தின் நடையும் மாறும் என்பதால், வல்லுநர் ஒருவர் அணிபவரை நடக்கவைத்துப் பார்த்துப் பார்த்துக் கையால் திருத்துவதற்கு மணிக்கணக்கில் ஆகிவிடும்.

நீங்கள் படித்த செய்தி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெலன் ஹுவாங், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜென்னி சி ஆகியோரின் குழுக்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மூட்டு எட்டிய உச்சக் கோணமும் எடுத்துக்கொண்ட நேரமும், இயல்பான நடையை ஒட்டி வகுத்த இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, அந்த 12 அளவுகளையும் தானே திருத்திக் கற்றுக்கொள்ளும் நிரல் அது. சராசரியாக 300 நடைச் சுழற்சிகளில், அதாவது ஏறக்குறைய 10 நிமிட நடையில், அது இலக்கை எட்டியது. என் பார்வையில் இது பெரிய சாதனை. மனித உடலோடு பிணைந்து நடக்கும் எந்திரத்துக்கு நிலையான கணித மாதிரி கிடைக்காது என்பதால், ஆளோடு சேர்ந்தே, அந்த நேரத்திலேயே கற்க வேண்டியிருக்கிறது. ஆயினும் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் இருவரே. அவர்களில் ஒருவர்தான் கால் இழந்தவர். நடந்ததும் ட்ரெட்மில்லில், மாறாத ஒரே வேகத்தில். படி, சரிவு, கூட்டமான நடைபாதை ஆகியவற்றை அந்த 10 நிமிடத்துக்குள் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பட்டறைக்காரர்:

மேலே உள்ள விளக்கம் சரியானது. செயற்கைக்கால் செய்து பொருத்தும் தொழிலில் இருக்கும் நான், அதற்கு முன்னால் வரவேண்டிய ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். மோட்டார் எவ்வளவு நேர்த்தியாக இயங்கினாலும் அதன் விசை உடலை அடைவது சாக்கெட், அதாவது எஞ்சிய காலை உள்ளே ஏந்திக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதி, வழியாகத்தான். ஸ்டம்ப் எனப்படும் அந்த எஞ்சிய காலின் பருமன் காலையில் இருப்பது போல மாலையில் இருப்பதில்லை. பலருக்கு நண்பகலுக்குள்ளேயே சாக்கெட் தளர்ந்துவிடும்; அவர்கள் உறை ஒன்றைக் கூடுதலாக அணிந்து அதை இறுக்கிக்கொள்வார்கள். தளர்ந்த சாக்கெட்டுக்குள் தொடையெலும்பு அசைந்தால், மோட்டார் தரும் உந்துதலில் ஒரு பங்கு சதையை அழுத்துவதிலேயே வீணாகிவிடும், தோலும் புண்ணாகும்.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மூட்டின் கோணத்தையும் நேரத்தையும் மட்டும் பார்க்கும் நிரலுக்கு, சாக்கெட் தளர்ந்திருப்பதோ, பாதம் ஓரிரு டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருப்பதோ தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்டும் விதமாக விறைப்பைக் கூட்டியோ குறைத்தோ இலக்கை எட்டிவிடக்கூடும். காகிதத்தில் நடை சரியாகத் தெரியும். அணிந்தவருக்கு இடுப்பு வலிக்கும். முதலில் சாக்கெட், அடுத்து மூட்டையும் பாதத்தையும் நேர்வரிசைப்படுத்துவது, அதன் பிறகே கணினித் திருத்தம் என்ற வரிசையை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றையடிப்பாதை:

நானும் முழங்காலுக்கு மேலே கால் இழந்தவன். மேலே இருவரும் இலக்கை எட்டுவது பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த இலக்கு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். இரு கால்களும் உள்ளவர் நடக்கும்போது குதிகால் ஊன்றியவுடன் முழங்கால் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி வரை மடங்கி அதிர்ச்சியைத் தாங்கும். எங்களில் பலருக்கு அந்தக் கணத்தில் மூட்டு மடங்குவது என்றாலே விழப்போகிறோம் என்ற உணர்வுதான் வரும். பல ஆண்டுகளாக இடுப்புத் தசையை இறுக்கி, மூட்டை நேராகப் பூட்டிவைத்தே ஊன்றிப் பழகியிருக்கிறோம். எந்திரம் இயல்பான கோணத்துக்கு மடக்க முயன்றால் உடல் அதை எதிர்த்து மேலும் இறுகும். காலைத் தூக்கி வீசும்போது நிலைமை வேறு: அங்கே 60 டிகிரி அளவுக்கு நன்றாக மடங்கினால்தான் கால்விரல் தரையில் தட்டாது. அந்த மடக்கத்தை எந்திரம் தந்தால் நான் மனமார வரவேற்பேன், ஏனென்றால் இடுப்பைத் தூக்கிக் காலை வட்டமாக வீசி நடக்க வேண்டிய தேவை அப்போது குறையும்.

தாமரைக்குளம்:

அனைவருக்கும் நன்றி. ஊன்றும்போது மூட்டு மடங்கினால் அண்ணனுக்கும் அதே அச்சம்தான். அப்படியானால், அணிபவர் தமக்கு எது ஏற்றது என்று சொல்வதை இந்த முறைகள் கணக்கில் கொள்கின்றனவா?

விசைமூட்டு:

கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. அதே ஹுவாங் குழுவினர் பின்னர் வேறொரு வழியையும் முயன்றார்கள். அதில் அணிபவரே நடந்துகொண்டே தமக்குப் பிடித்த மூட்டசைவைத் தேர்ந்தெடுக்கிறார். அதை நிறைவேற்றத் தேவையான அளவுகளைக் கணினி தேடித் தருகிறது. நண்பர் ஒற்றையடிப்பாதை எழுப்பிய கேள்விக்கு இதுவே நேர்மையான விடை என்று நினைக்கிறேன்: 12 எண்களைத் தேடும் சலிப்பான வேலை எந்திரத்துக்கு, எப்படி நடப்பது என்ற முடிவு நடப்பவருக்கு. ஆனால் விருப்பம் நிலையானதன்று. முதல் நாளில் விறைப்பான மூட்டைக் கேட்பவர், நம்பிக்கை வந்தபின் தளர்த்தச் சொல்லக்கூடும். ஆகவே அண்ணன் எந்திரக் காலைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சமதரையில் நடந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள், படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சாக்கெட் தளரும் மாலை நேரத்தையும் அந்தச் சோதனைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு அமைப்புகளை மீண்டும் திருத்துவதற்கு எத்தனை முறை வரலாம், அதற்குக் கட்டணம் உண்டா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவதும் அவசியம்.