ஸ்காட்லாந்து ஜூனியர் லீக் போல நம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு முழு சீசன் நடத்த முடியுமா?

பெரியபட்டினம் பந்துக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நம் பக்கத்தில் கால்பந்து என்றாலே கோப்பைப் போட்டிதான். கோடை விடுமுறையிலோ பெருநாளை ஒட்டியோ ஒரு வாரம், பத்து நாள் விளக்குக் கட்டி நாக் அவுட் முறையில் நடத்துகிறோம்; முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்றிரவே வேன் ஏறிவிடுகிறது, அதன் பிறகு அந்தப் பையன்களுக்கு அடுத்த கோப்பை வரும் வரை முறையான ஆட்டம் என்று எதுவும் இல்லை. தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள ஊர்களில் பன்னிரண்டு அணிகளைச் சேர்த்து, ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் மோதும் லீக் ஒன்றைத் தொடங்கலாம் என்று நாங்கள் சிலர் பேசி வருகிறோம்.

முன்மாதிரி தேடியபோது ஸ்காட்லாந்தின் மேற்கு வட்டார ஜூனியர் லீக்கின் பழைய புள்ளிப் பட்டியல்கள் கண்ணில் பட்டன. பெரும்பாலும் சில ஆயிரம் பேர் வாழும் ஊர்களின் அணிகள் என்பதால் நமக்குப் பொருந்தும் என்று தோன்றியது. ஆனால் மார்ச் மாதத்துப் பட்டியலைப் பார்த்தால் ஓர் அணி மற்றோர் அணியைவிட ஐந்தாறு ஆட்டங்கள் குறைவாக ஆடியிருக்கிறது. இப்படித் தேங்கிய ஆட்டங்களை எப்போது, எப்படி முடிக்கிறார்கள்? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரை பழைய கோல்கீப்பர்:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அங்கே ஜூனியர் என்பது வயதுக் கணக்கு அன்று. முப்பத்தைந்து வயதுக்காரரும் ஜூனியர் ஆட்டக்காரர்தான். தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே தனிச் சங்கத்தின் கீழ் இயங்கிய அணிகளுக்கு அந்தப் பெயர். சங்கம் 1886இல் உருவானது. 1968இல் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது, 2002இல் அவற்றை மேற்கு, கிழக்கு, வடக்கு என மூன்றாக்கினார்கள்.

நீங்கள் பார்த்த மேற்கு வட்டாரத்தில் 2002 முதல் 2018 வரை உச்சியில் சூப்பர் லீக் பிரீமியர் பிரிவு இருந்தது. பன்னிரண்டு அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள். அதாவது நீங்கள் நினைக்கும் அதே அளவு. அதற்குக் கீழே இன்னொரு சூப்பர் லீக் பிரிவு. அதற்கும் கீழே தென்மேற்கிலுள்ள ஏர்ஷயர் வட்டாரத்து அணிகள் தங்களுக்குள்ளும், கிளாஸ்கோவைச் சுற்றியுள்ள மத்திய மாவட்ட அணிகள் தங்களுக்குள்ளும் தனித்தனியாக ஆடின. கையில் காசில்லாத சிறிய அணி தூரப் பயணம் போக வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். தொண்டிப் பையன்களைச் சாயல்குடிக்கு அனுப்பும் முன் இதை யோசியுங்கள்.

இனித் தேக்கத்துக்கு வருவோம். சீசன் ஆகஸ்டு வாக்கில் தொடங்கி மே இறுதி, சில ஆண்டுகளில் ஜூன் வரை இழுக்கும். டிசம்பர், ஜனவரியில் தரை உறைந்து கல்லாகிவிடும், அல்லது மழை தேங்கிச் சேறாகும். நடுவர் காலையிலேயே வந்து மைதானத்தை மிதித்துப் பார்த்து, ஆட முடியாது என்றால் அன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்படும். பெரும்பாலான மைதானங்களில் மின்விளக்கு இருந்ததில்லை. டிசம்பரில் கிளாஸ்கோவில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் சனிக்கிழமை இரண்டு மணி வாக்கில் ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும், வார நாள்களில் ஆடவே முடியாது. மே மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் விட்டதையெல்லாம் ஏப்ரல், மே மாலைகளில் வேலை முடிந்து வந்து ஆடித் தீர்ப்பார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனியர் அணிகளுக்கான நாக் அவுட் போட்டியான ஸ்காட்டிஷ் ஜூனியர் கோப்பையின் சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம் விலகி வழிவிட வேண்டும். கோப்பையில் நெடுந்தூரம் போகும் வலுவான அணிக்குத்தான் லீக் ஆட்டம் அதிகம் தேங்கும். மார்ச்சில் பட்டியலின் நடுவில் கிடக்கும் அணி மே மாதம் வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடி முதலிடத்துக்கு வருவது அங்கே வியப்பே அன்று.

பத்து மாத சீசனுக்கு 22 ஆட்டம் குறைவு என்று பலர் நினைப்பார்கள். என் கருத்தில் அந்த இடைவெளிதான் சீசனைக் காப்பாற்றுகிறது.

பாம்பன் கரையோரம்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஆட்ட நாள்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்; நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜூனியர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பீட்டர்ஷில்லும் இர்வின் மெடோவும் 1951இல் மோதியபோது கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் 77,650 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டம் பிறகு கரைந்தது என்றாலும் ஊர்ப் பகை கரையவில்லை. ஏர்ஷயரில் ஆக்கின்லெக் டால்பட், கம்னாக் இரண்டும் அடுத்தடுத்த நிலக்கரிச் சுரங்க ஊர்களின் கிளப்புகள். அவை மோதும் நாளின் வசூல் இரு கிளப்புகளுக்குமே பெரிது. டால்பட் 1986, 1987, 1988 என மூன்று முறை தொடர்ந்து கோப்பையை வென்றது; சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. ஆக்கின்லெக்கின் பாரனி சுரங்கமும் 1989இல் மூடப்பட்டது. ஊரில் மிஞ்சிய பெருமை பந்துதான்.

அங்கே சுவரும் நுழைவாயிலும் உள்ள மைதானங்கள் உண்டு, டிக்கெட் வாங்காமல் உள்ளே போக முடியாது. அதோடு கிளப்பின் கேளிக்கை விடுதி, இடைவேளைக் குலுக்கல் என்று சிறு வரவுகளும் சேரும். நம் மைதானங்களோ நாற்புறமும் திறந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் ஊருணி, மறுபக்கம் சீமைக்கருவேலம். பந்து வேலிக்குள் போனால் அதன் முள்ளுக்குப் பலியாகும், ஆள் போனால் செருப்பையும் தாண்டிக் காலில் ஏறும். வெளிநாட்டில் பிழைக்கும் சபுராளிகள் அனுப்பும் பணம் ஆளுயரக் கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் எளிதில் கிடைக்கிறது. நடுவரின் பயணப்படிக்கோ சுண்ணாம்புக் கோட்டுக்கோ கேட்டால் எவரும் பதில் எழுதுவதில்லை. பரிசுத் தொகையைப் பாதியாகக் குறைத்து, மீதியை நடுவருக்கும் வேனுக்கும் ஒதுக்க ஊர்கள் சம்மதித்தால் மட்டுமே இந்த லீக் நிற்கும்.

இராமேஸ்வரம் தீவு வாசகர்:

இருவரும் அந்த அமைப்பின் நல்ல பக்கத்தையே சொல்லியிருக்கிறீர்கள். அது ஏன் உடைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜூனியர் லீக்கில் முதலிடம் பெற்றாலும் மேலுள்ள தொழில்முறை லீக்குகளுக்கு ஏறப் படிக்கட்டு இருக்கவில்லை. 2007-08 சீசனிலிருந்துதான் வட்டார வெற்றியாளர்களுக்கும் ஜூனியர் கோப்பையை வென்ற அணிக்கும் தொழில்முறை அணிகளும் ஆடும் பெரிய ஸ்காட்டிஷ் கோப்பையில் இடமே தரப்பட்டது. திறமை இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் டால்பட் அதே கோப்பையில், இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக்கில் ஆடிய ஏர் யுனைடெட்டை 1-0 என வீழ்த்தியது. கெல்டி ஹார்ட்ஸ் 2017இல் ஜூனியரை விட்டு விலகி, 2021இல் தொழில்முறை லீக்கில் நுழைந்தது. பானிரிக் ரோஸ் உள்ளிட்ட கிழக்கு அணிகள் பல 2018இல் வெளியேறின. 2020இல் மேற்கு அணிகளும் புதிய மேற்கு ஸ்காட்லாந்து லீக்கில் சேர்ந்து வென்றால் மேல் லீக்குக்கு ஏறும் பொது அடுக்குக்குள் வந்துவிட்டன. நூற்றாண்டுப் பழமையான அமைப்பையே ஆசை காட்டிக் கலைத்தது மேலே ஏறும் வழி. ஆகவே தொடங்கும்போதே மாவட்டக் கால்பந்துக் கழகத்தின் அங்கீகாரத்தோடு தொடங்குங்கள், தனிக்கடை வேண்டாம்.

பெரியபட்டினம் பந்துக்காரன்:

மூவருக்கும் நன்றி. ஸ்காட்லாந்துக்காரர்களின் மே மாத மாலைகளுக்கு ஈடாக நமக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் நீரில் கிடக்கும். எனவே தை பிறந்ததும் தொடங்கி, நோன்பு மாதத்தில் நிறுத்தி, விட்ட ஆட்டங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும் நாள்களில் முடித்துவிடலாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்து மணல் பறக்கும் முன் சீசன் முடிந்துவிடும்.

இராமேஸ்வரம் தீவு வாசகர்:

தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகில் போகும் பையன்கள் அப்போதும் கடலில்தான் இருப்பார்கள். தடைக்காலத்தில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. எனவே நாளைக் குழு முடிவு செய்ய வேண்டாம். ஜூன் 14க்குள் ஆடியாக வேண்டும் என்ற கெடுவை மட்டும் குழு விதிக்கட்டும், நாளைச் சொந்த ஊர் அணி ஒரு வாரம் முன்னதாகச் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை மாலை வேண்டுமா, ஞாயிறு பூசை முடிந்த பிறகு வேண்டுமா என்பது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும். கெடுவுக்குள் நாள் சொல்லாத அணிக்கு மூன்று புள்ளியும் போய்விடும் என்பதை நுழைவுக் கட்டணம் வாங்கும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.