நான்கடிப் பவளத்தொட்டிக்குக் குழல்விளக்கு: எத்தனை வேண்டும், எந்த நிறம்?

கேள்வி: நீலத்திரை, சிங்கப்பூர்

அனைவருக்கும் வணக்கம். தெம்பனிஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதன் நீளம் 120, அகலம் 50, உயரம் 50 சென்டிமீட்டர். இரண்டு கோமாளி மீன்களும், காளான் பவளங்களும், சில சொவாந்திட் (பொத்தான் போன்ற சிறு பவள வகை) கூட்டங்களும் இருந்தவரை, தொட்டியோடு வந்த இரண்டு 36 வாட் டி8 குழல்விளக்குகளே போதுமானவையாக இருந்தன. நான்கு மாதங்களுக்கு முன்பு ஹாம்மர் பவளம் ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்தேன். வந்தபோது பச்சையாக இருந்த அதன் நுனிகள் இப்போது பழுப்பாகிவிட்டன. தண்டுகள் மேல்நோக்கி நீண்டு மெலிந்திருக்கின்றன. உப்பு, காரத்தன்மை, கால்சியம் மூன்றையும் வாரந்தோறும் அளக்கிறேன். அவற்றில் குறை ஏதும் தெரியவில்லை. ஒளிதான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வழிகள் என் முன் உள்ளன. ஒரு பவள வளர்ப்பாளர் மூன்றாண்டு பழைய, ஆறு குழல் கொண்ட 54 வாட் டி5 (டி8ஐவிட மெல்லிய குழல்) விளக்கைக் குறைந்த விலைக்குத் தருகிறார். கடையிலோ நான்கு குழல் கொண்ட புதிய விளக்கைக் காட்டுகிறார்கள். அதில் நான்கு குழல்களுக்கும் பின்னால் ஒரே தட்டையான வெள்ளைத் தகடு இருக்கிறது. குழல்களில் 10,000 கெல்வின், 20,000 கெல்வின், ஆக்டினிக் என்றெல்லாம் எழுதியிருப்பதில் எதைத் தேர்வது என்று புரியவில்லை. பகலில் அறையின் வெப்பம் 30 பாகைவரை போகிறது. சில்லர் என்ற குளிர்விக்கும் கருவி வைத்து நீரை 26 பாகையில் நிறுத்தியிருக்கிறேன். ஓராண்டு கழித்து மான்டிப்போரா போன்ற கல்பவளம் ஒன்றிரண்டு வைக்கவும் ஆசை.

பதில் 1: ஆழிவாசி

வணக்கம் சகோதரி. பழைய விளக்கைப் பார்க்கப் போகும்போது, அதில் ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக வளைந்த ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பும் தகடு) இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் அதையே வாங்குங்கள். குழல்விளக்கு தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி வீசுவது. மேற்பக்கம் போகும் ஒளியைத் தட்டையான தகடு திருப்பி அனுப்பும்போது, அதில் ஒரு பகுதி அந்தக் குழலின் மீதே பட்டு வீணாகிறது. மீதியும் பக்கவாட்டில் சிதறுகிறது. குழலின் இருபுறமும் இறங்கி வருமாறு வளைந்த பளபளப்பான அலுமினியத் தகடு அந்த ஒளியைக் குழலைத் தாண்டி நீருக்குள் இறக்கிவிடும். இப்படித் தனி ரிஃப்ளெக்டர் உள்ள நான்கு குழல், தட்டைத் தகட்டின் கீழ் எரியும் ஆறு குழலுக்கு ஈடுகொடுப்பதை என் தொட்டியிலேயே அளந்து பார்த்திருக்கிறேன். எனவே வாட் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணும் நமக்கு உதவாது. அது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்லும் அளவு. நம் கண் பச்சைக்கு, ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, மிகக் கூர்மையானது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு செய்து கொடுக்கும் நுண்பாசிகளோ நீல ஒளியைத்தான் மிகுதியாக உறிஞ்சுகின்றன. கடலில் ஆழம் செல்லச் செல்லச் சிவப்பு முதலில் மறைந்து நீலம் எஞ்சுவதால், அவை அந்த ஒளிக்கே பழகியவை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கணக்கிடும் 'பார்' அளவு. காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். உங்கள் ஹாம்மருக்கு 80 முதல் 150 வரை கிடைத்தால் நன்றாக இருக்கும். மான்டிப்போராவுக்கு 200க்கு மேல் தேவைப்படும். அளவிடும் கருவி விலை அதிகம் என்பதால், வளர்ப்பாளர்கள் யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

கெல்வின் எண் நம் கண்ணுக்குத் தெரியும் நிறச்சாயலைக் குறிப்பது. ஆக்டினிக் குழல் 420 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்வது. பவளத்தின் பச்சையும் ஆரஞ்சும் அதன் கீழ் மின்னும், ஆனால் அதன் 'பார்' அளவு குறைவு. 460 நானோமீட்டரை ஒட்டிய நீலக் குழல்தான் பவளத்தொட்டியின் முதுகெலும்பு. ஆறு குழல் விளக்கில் ப்ளூ பிளஸ் என்ற அந்த நீல வகை நான்கும், வெண்மை கலந்த கோரல் பிளஸ் ஒன்றும், ஊதா சாயலுள்ள பர்ப்பிள் பிளஸ் ஒன்றும் இட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த கலவை இதுதான். பார்ப்பதற்கு இன்னும் வெண்மையாக வேண்டுமென்றால் ஒரு நீலத்தை எடுத்துவிட்டு இரண்டாவது கோரல் பிளஸ்ஸை இடலாம்.

பழைய விளக்கோடு வரும் குழல்களை நம்பாதீர்கள். டி5 குழலின் ஒளி மெல்ல மெல்லக் குறைவதால் தினமும் பார்க்கும் கண் அதை உணர்வதில்லை. 9 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாட்டிய தேதியைக் குழலின் முனையில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அவசரத்துக்கு வீட்டுக்கூடத்துக் குழலை வாங்கி மாட்டிவிடவும் வேண்டாம். 28 வாட் டி5 குழலும் 54 வாட் டி5 குழலும் நீளத்தில் ஒன்றே, இரண்டும் 1149 மில்லிமீட்டர். ஊசிகளும் ஒரே வகை. தெரியாமல் நான் ஒருமுறை 28 வாட் குழலை இதே போன்ற விளக்கில் மாட்டினேன். பேலஸ்ட் (விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) அதற்குள் தாங்க முடியாத மின்னோட்டத்தைச் செலுத்த, சில நாட்களிலேயே இரு முனைகளும் கரியேறி அணைந்துபோயின.

மிக முக்கியமான ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். இரண்டு டி8 குழலுக்குப் பழகிய பவளத்தின் மேல் ஒரே நாளில் ஆறு டி5 குழலை ஏற்றினால், நுண்பாசிகள் அளவுக்கு மீறிய ஒளியால் நச்சுத்தன்மை கொண்ட ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்கும். பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். பழுப்பு நிறம் சில மாதங்களில் மாறக்கூடியது, வெளுத்த பவளம் மீள்வது கடினம். முதல் இரண்டு வாரங்கள் விளக்கை நீர்மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 5 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். பிறகு வாரம் 4 சென்டிமீட்டர் இறக்கி, அரை மணி நேரம் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஹாம்மரைத் தொட்டியின் தரைக்கு இறக்கிவைத்துத் தொடங்குவது நல்லது.

பதில் 2: மின்பணியாளர், ஜொகூர்

ஆழிவாசி ஐயா சொன்னவற்றோடு மின்சாரம் தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மூன்றாண்டு கடல்நீர்த் தொட்டியின் மேல் இருந்த விளக்கு என்றால், குழலின் முனையை மூடும் ரப்பர் மூடிகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு இருந்தாலோ, எல்லா முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் மட்டுமே வாங்குங்கள். மின்கம்பி சொருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு எடுத்துப் பின் மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டின் கசிவுமின் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு விளக்கைப் பூட்டுங்கள்.

வெப்பம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டி5 குழல் தன்னைச் சுற்றியுள்ள காற்று 35 பாகையளவில் இருக்கும்போதுதான் முழு ஒளியைத் தரும். மூடிய கூட்டுக்குள் அதற்கு மேல் போனாலும், விசிறி நேரே அடித்து அதிகம் குளிர்ந்தாலும் ஒளி குறையும். குழலில் பெயர் அச்சிட்ட முனையில்தான் பாதரசத்தின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் குளிர்ப்புள்ளி உள்ளது. எனவே ஆறு குழல்களையும் அச்சிட்ட முனைகள் ஒரே பக்கம் வருமாறு மாட்டுங்கள். ஆறு குழலும் சேர்ந்து 324 வாட். அதில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகவே அறையிலும் நீரிலும் சேரும், சில்லர் கூடுதலாக ஓடும். விளக்குக்கும் நீருக்கும் இடையே காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்று வைத்தால் சில்லரின் சுமை குறையும்.

பதில் 3: ஒளிப்பாதை

எல்இடி பக்கமும் ஒருமுறை யோசிக்க வேண்டுகிறேன். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023இல் கூடி, பொது விளக்கொளிக்கான நீள் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. மீன்தொட்டிக் குழல்கள் தனி வகை என்றாலும், வீட்டுக் குழல்களைச் செய்யும் ஆலைகள் மூடினால் இவையும் அரிதாகும், விலையும் ஏறும் என்பது என் கணிப்பு.

அதற்காகக் குழலை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொட்டியின் முழு நீளத்துக்கும் பரவி ஒளி விழுவதால், கிளைக்கும் பவளத்தின் அடிப்பகுதிவரை நிழலின்றிச் சென்று சேர்வது இதில்தான். விலை குறைந்த எல்இடி விளக்குகளில் பவளத்தின் உச்சி நிறமேறி அடி வெளுத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழல்விளக்கையே வாங்கி, பின்னாளில் இரு ஓரங்களிலும் நீல எல்இடிப் பட்டை சேர்க்க இடம் விட்டுத் தொங்கவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: நீலத்திரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நேரில் போய்ப் பார்த்தேன். ஆறு குழலுக்கும் தனித்தனி ரிஃப்ளெக்டர்கள் இருக்கின்றன. இரண்டு முனைகளில் உப்புப் பூத்திருந்ததைக் காட்டியதும், அவரே புதிய முனைகளைப் பொருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டார். நீலக் குழல்கள் நான்கையும் மற்ற இரண்டையும் புதிதாக வாங்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: கழற்றும் பழைய குழல்களை என்ன செய்வது?

ஆழிவாசி

உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் மின்கழிவுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. குழல்களை ஏற்கும் சேகரிப்புப் பெட்டி உங்கள் வட்டாரத்தில் எங்கே என்று பார்த்து, புதிய குழல் வந்த அட்டையிலேயே பழையதை இட்டு உடையாமல் கொண்டுபோங்கள். மாற்றும்போது தொட்டியின் மேல் ஒரு பலகையோ தடித்த துணியோ விரித்துக்கொள்ளுங்கள். ஒரு குழல் கைதவறி உடைந்தால் நீருக்குள் விழக் கூடாது. முதல் வாரம் ஹாம்மர் மாலையில் சுருங்கினால் கவலைப்பட வேண்டாம், காலையில் விரிகிறதா என்று மட்டும் பாருங்கள். விரியவில்லை என்றால் விளக்கை இன்னும் 5 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு இங்கே எழுதுங்கள்.