மாரியோ கார்ட்: அடுத்த ஆட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

சாட்ஸ்வொர்த்வாசி:
வணக்கம். 1992-இல் சூப்பர் நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியில் தொடங்கிய இந்த வண்டிப் பந்தய வீடியோ ஆட்டத் தொடரை எனக்குப் பழக்கியவர் என் தாய்மாமா. இன்றும் ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் அக்கா பிள்ளைகள், பாட்டி, நான் எல்லோரும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்துவிடுகிறோம். 2025 ஜூனில் வந்த 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' 24 வண்டிகளை ஒன்றாக ஓடவிட்டதும், தடங்களையெல்லாம் சாலைகளால் இணைத்ததும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் கோப்பைப் போட்டியில் இரண்டாம் பந்தயம் முதல், முந்தைய தடத்திலிருந்து நீண்ட சாலையில் ஓட்டி வந்து, புதிய தடத்தில் ஒரே சுற்றோடு முடித்துக்கொள்கிறோம். மூன்று சுற்று ஓடினால்தான் ஒரு வளைவு கைக்குப் பழகும். முதல் சுற்றில் சுவரில் மோதிய அதே இடத்தில், கடைசிச் சுற்றில் ஆரஞ்சுப் பொறி பறக்கச் சறுக்கித் திரும்பி முந்துவதுதான் எனக்கு இந்த ஆட்டத்தின் சுவை. இணைப்புச் சாலையா, மூன்று சுற்றா என்பதைக் கோப்பைப் போட்டியிலும் ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் எதை மாற்றுவீர்கள்?

நீலஓடு:
சுற்றுகளைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நான் மாற்ற விரும்புவது, தடத்திலுள்ள பெட்டிகளில் மோதும்போது பந்தயத்துக்கு உதவும் பொருள்கள் கிடைக்கும் முறையை. பின்தங்கியவருக்கு வலிமையான பொருள் கிடைப்பதுதான் இத்தொடரின் உயிர், அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் இணையப் பந்தயங்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெட்டிகளுக்கு அருகே வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, நட்சத்திரம், தங்கக் காளான் போன்ற வலிமையான பொருள்களைச் சேர்த்துக்கொண்டு கடைசியில் பாய்கிறார்கள். தொடக்கம் முதல் முன்னணியில் நின்று போராடியவரின் உழைப்பு அங்கே வீணாகிறது. அப்படி நிற்பவருக்குச் சாதாரணப் பொருள்களே கிடைக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க்காரர்:
தம்பி, பள்ளத்தில் விழுந்து பின்தங்கும் குழந்தையையும் அந்தத் தந்திரக்காரரையும் ஆட்டம் எப்படிப் பிரித்தறியும்? தவறான ஆளைத் தண்டித்துவிட்டால் புதியவர்கள் விலகிப்போவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை, மூன்று நான்கு பேர் திரையைப் பகிரும்போது வருவது. தொடரின் பழைய ஆட்டமான 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' இருவர் ஆடும் வரை நொடிக்கு 60 படச்சட்டங்கள் காட்டும்; எண்ணிக்கை கூடினால் அசைவு சீராகத் தெரியும். மூன்றாமவர் சேர்ந்ததும் 30-ஆகக் குறைந்துவிடும். வேகம் கூடிய 200சிசி பந்தயத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. குடும்பமாக ஆடுபவர்களுக்கே ஆட்டம் சீராக ஓடாமல் போவது நியாயமில்லை.

சாட்ஸ்வொர்த்வாசி:
ஐயா, பிரித்தறிய வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன். என் பாட்டி தானாக முடுக்கும் வசதியையும் தானாகத் திருப்பும் வசதியையும் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறார். எத்தனை முறை அடிபட்டாலும் அவருடைய வண்டி முன்னோக்கித்தான் போகும். தந்திரக்காரரோ முடுக்கியை விட்டுவிட்டு, அடுத்த பெட்டி மீண்டும் முளைக்கும் வரை அங்கேயே காத்திருக்கிறார். அடிபடாமல், விழாமல், சில நொடிகள் முடுக்காமல் நிற்பவரின் பெட்டியை மட்டும் எளிமையாக்கினால் பாட்டிக்கு வரும் நட்சத்திரத்துக்கு எந்தக் குறையும் வராது.

நீலஓடு:
நிற்காமல் மெதுவாக ஊர்ந்து போனால் அந்த விதியையும் ஏமாற்றலாமே. நேரத்தோடு, கடந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒப்புக்கொள்கிறேன்.