கிட் சர்வரில் புஷ்ஷைத் தடுக்கவும், யார் புஷ் செய்தார் என்று தெரிவிக்கவும் எந்த ஹூக்?

வெண்பலகை கேட்டது:

வணக்கம். எங்கள் அணியில் பதினைந்து பேர் இருக்கிறோம். கிட்ஹப், கிட்லேப் எதுவும் இல்லை, ஒரு லினக்ஸ் சர்வரில் 'பேர்' ரெப்போக்களை (வேலைக்கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் இருக்கும் கிட் களஞ்சியங்கள்) மட்டும் வைத்து ஓட்டுகிறோம். எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் புஷ், அதாவது கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்புவது. எல்லோரும் 'கிட்' என்ற ஒரே கணக்கில் நுழைகிறோம், அவரவர் கீ மட்டும் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் தனித்தனி வரியாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது: மெயின் பிராஞ்சில் யாரும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருக்கும் வரலாற்றை மேலெழுதி அனுப்புவது) செய்யக் கூடாது, அதை அழிக்கவும் கூடாது. கமிட் செய்தியில் டிக்கெட் எண் இல்லையென்றால் புஷ்ஷைத் திருப்பி அனுப்ப வேண்டும். புஷ் நடந்ததும் யார் எதை அனுப்பினார் என்று அணிக்கு மெயில் போக வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் (புஷ்ஷின்போது சர்வரில் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்களில் ஒன்று) எழுதினேன். மெயில் போகிறது, ஆனால் எக்ஸிட் 1 கொடுத்தும் ஃபோர்ஸ் புஷ் உள்ளே போய்விடுகிறது. சரி என்று முழு ஸ்கிரிப்டையும் ப்ரீ-ரிசீவுக்கு மாற்றினேன், இப்போது வேறு சிக்கல்கள். டிக்கெட் எண் இல்லாத கமிட்டுக்கு நான் எழுதிய எச்சரிக்கை புஷ் செய்தவர் திரையில் வருகிறது, அப்படியும் புஷ் ஏற்கப்படுகிறது. புது பிராஞ்ச் அனுப்பினால் பழைய ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) முழுக்கப் பூஜ்ஜியமாக வந்து, கமிட்டுகளைப் பட்டியலிடும் ரெவ்-லிஸ்ட் கட்டளை பிழை காட்டுகிறது. மெயிலில் வரும் பெயர் கமிட்டை எழுதியவருடையது, புஷ் செய்தவருடையது இல்லை. மெயில் போய் முடியும்வரை புஷ் செய்தவர் டெர்மினலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஸ்கிரிப்ட் சாதாரண பாஷ்தான். வெளி வைல் லூப் ஒவ்வொரு வரியையும் படிக்கிறது. அதற்குள் ரெவ்-லிஸ்டின் வெளியீட்டைப் பைப் போட்டு இன்னொரு வைல் லூப்புக்கு அனுப்புகிறேன், செய்தி சரியில்லை என்றால் அங்கேயே எக்கோ, எக்ஸிட் 1. ஸ்கிரிப்டின் கடைசி வரி எக்ஸிட் 0. எங்கே தவறுகிறது?

---

கல்தூண் பதில்:

முதலில் எந்த ஹூக் எப்போது ஓடுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ப்ரீ-ரிசீவ் ஒரு புஷ்ஷுக்கு ஒரே தடவை ஓடும். பிராஞ்சுகள் எதுவும் நகர்வதற்கு முன்னால் ஓடும். பழைய ஹாஷ், புதிய ஹாஷ், ரெஃப் (பிராஞ்ச் அல்லது டேக்) பெயர் மூன்றும் ஒரு வரியாக, அந்தப் புஷ்ஷில் எத்தனை ரெஃப் உண்டோ அத்தனை வரிகள் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வரும். பூஜ்ஜியம் தவிர வேறு எண்ணோடு வெளியேறினால் மொத்தப் புஷ்ஷும் நிராகரிக்கப்படும். அப்டேட் ஹூக் அப்படியில்லை, ரெஃப்புக்கு ஒரு தடவை ஓடும். தகவல் ஆர்க்யுமென்டாக வரும், வரிசையும் வேறு: ரெஃப் பெயர் முதலில், அப்புறம் பழையது, புதியது. அது மறுத்தால் அந்த ஒரு ரெஃப் மட்டும் நிற்கும், மற்றவை போய்விடும். போஸ்ட்-ரிசீவ் ஓடும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும், அங்கே எக்ஸிட் 1 கொடுத்தாலும் 100 கொடுத்தாலும் எதுவும் திரும்பாது.

ஆகவே தடுப்பது எல்லாம் முதல் இரண்டில், தெரிவிப்பது எல்லாம் போஸ்ட்-ரிசீவில். ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். ப்ரீ-ரிசீவில் இருந்து "இன்னார் புஷ் செய்தார்" என்று மெயில் அனுப்பினால் அது பொய்யாகலாம், ஏனென்றால் அதற்குப் பிறகும் அப்டேட் ஹூக் மறுக்கலாம், வேறொருவர் அதே நேரத்தில் அதே பிராஞ்சை நகர்த்தியிருக்கலாம். உண்மையில் நகர்ந்த ரெஃப்கள் மட்டும்தான் போஸ்ட்-ரிசீவுக்கு வரும். அறிக்கைக்கு நம்பகமான இடம் அதுதான்.

ஃபோர்ஸ் புஷ்ஷுக்கு ஸ்கிரிப்டே தேவைப்படாமல் போகலாம். கான்ஃபிக்கில் ரிசீவ் பிரிவில் டினை-நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்ஸ், டினை-டிலீட்ஸ் என்று இரண்டு அமைப்புகள் உண்டு, இரண்டையும் ட்ரூ செய்தால் போதும். ஆனால் அவை ரெப்போ முழுவதற்கும் பொருந்தும். அவரவர் சொந்த பிராஞ்சை ரீபேஸ் செய்து (கமிட்டுகளை மாற்றி அடுக்கி) அனுப்பும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்து முடக்கிவிடும். மெயினுக்கு மட்டும் என்றால் அப்டேட் ஹூக் எழுதுங்கள்: ரெஃப் பெயர் மெயின்தானா என்று பாருங்கள், புதிய ஹாஷ் முழுப் பூஜ்ஜியம் என்றால் அழிக்கிறார்கள் என்று அர்த்தம், மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் மெர்ஜ்-பேஸ் கட்டளையை இஸ்-ஆன்செஸ்டர் விருப்பத்தோடு ஓட்டி, பழைய ஹாஷ் புதிய ஹாஷின் மூதாதையா என்று கேளுங்கள். ஆம் என்றால் 0 திரும்பும். 1 வந்தால் யாரோ வரலாற்றை மாற்றி எழுதி அனுப்புகிறார்கள்.

---

ஊதாக்குருவி பதில்:

எச்சரிக்கை வந்தும் புஷ் போவதற்குக் காரணம் கிட் இல்லை, பாஷ். பைப்புக்கு வலப்பக்கம் இருக்கும் வைல் லூப் தனி சப்ஷெல்லில், அதாவது பிரிந்த இன்னொரு பாஷ் புரோசஸில் ஓடுகிறது. அதற்குள் கொடுக்கும் எக்ஸிட் 1 அந்த சப்ஷெல்லை மட்டும்தான் முடிக்கும், வெளி லூப் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போகும், கடைசியில் நீங்களே எழுதிய எக்ஸிட் 0 புஷ்ஷை ஏற்றுக்கொள்ளும். உள்ளே ஒரு வேரியபிளில் குறித்துக்கொண்டாலும் வெளியே வரும்போது மறைந்துவிடும், அதே காரணம்தான். பைப்பை எடுத்துவிட்டு ரெவ்-லிஸ்டின் வெளியீட்டை ஒரு வேரியபிளில் வாங்கி ஃபார் லூப்பில் சுற்றுங்கள். ஹாஷ்களில் இடைவெளி வராது, அதனால் பயமில்லை.

இன்னொன்று, முதல் தவறைக் கண்டதும் வெளியேற வேண்டாம். தவறான கமிட்டுகள் அத்தனையையும் சேர்த்துக் காட்டிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை எக்ஸிட் 1 கொடுங்கள். ஒன்றைத் திருத்தி அனுப்பினால் அடுத்தது, அதைத் திருத்தினால் அதற்கடுத்தது என்று ஆறு முறை திருப்பி அனுப்பினால் ஜனங்கள் ஹூக்கையே வெறுத்துவிடுவார்கள்.

பூஜ்ஜியங்கள்: புது பிராஞ்சுக்குப் பழைய ஹாஷ் என்று ஒன்று இல்லாததால் 40 பூஜ்ஜியம் அனுப்புகிறது கிட். எஸ்ஹெச்ஏ-256 ரெப்போ என்றால் 64. எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாமல் "எல்லாமே பூஜ்ஜியமா" என்று பாருங்கள். புதிதாக வந்த கமிட்டுகளை எடுக்க, பழையதில் இருந்து புதியது வரை என்று கேட்பதை விட்டுவிட்டு, ரெவ்-லிஸ்டுக்குப் புதிய ஹாஷைக் கொடுத்து அதன் பின்னால் --நாட் --ஆல் சேருங்கள். "சர்வரில் ஏற்கெனவே எந்த ரெஃப் வழியாகவும் எட்ட முடியாத கமிட்டுகள் மட்டும்" என்று அதற்குப் பொருள். புது பிராஞ்சுக்கும் பழைய பிராஞ்சுக்கும் இது ஒன்றுபோல வேலை செய்யும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பழைய கமிட்டுகளை மறுபடி சோதிக்கவும் செய்யாது. ஆனால் இது ப்ரீ-ரிசீவிலும் அப்டேட்டிலும் மட்டும்தான் சரியாக வரும். போஸ்ட்-ரிசீவில் ரெஃப் ஏற்கெனவே நகர்ந்துவிட்டதால் இதே கட்டளை காலியாகத்தான் திரும்பும், மெயில் எழுதும்போது நினைவிருக்கட்டும்.

கிட் பதிப்பையும் ஒருமுறை பாருங்கள். 2016-இல் வந்த 2.11-இலிருந்து, வரும் ஆப்ஜெக்ட்கள் முதலில் ஒரு தற்காலிக டைரக்டரியில் தனியாக வைக்கப்படுகின்றன, ப்ரீ-ரிசீவ் சம்மதித்த பிறகுதான் ரெப்போவுக்குள் சேர்கின்றன. மறுத்தால் அப்படியே நீக்கப்படும். அதற்கு முந்தைய பதிப்புகளில் மறுக்கப்பட்ட புஷ்ஷின் ஆப்ஜெக்ட்களும் குப்பை சேகரிப்பு நடக்கும்வரை டிஸ்க்கில் கிடக்கும். இதன் மறுபக்கம், ப்ரீ-ரிசீவ் ஓடும்போது வேறொரு புரோகிராம் வந்து அந்தப் புதிய கமிட்டை ரெப்போவில் தேடினால் கிடைக்காது. பில்ட் சர்வரை ப்ரீ-ரிசீவில் இருந்து கூப்பிட்டு வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் நிறைய.

---

இரவுப்பணி பதில்:

யார் புஷ் செய்தார் என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, என்னைக் கேட்டால் இந்த இழையிலேயே முக்கியமானது அதுதான்.

கமிட்டில் இருக்கும் ஆத்தர், கமிட்டர் பெயர்கள் அவரவர் கணினியில் யூசர்-நேம் என்று எதை எழுதி வைத்தார்களோ அதுதான். யார் பெயரையும் யாரும் போடலாம், சர்வர் அதைச் சோதிப்பதில்லை. தவிர, நான் உங்கள் கமிட்டை மெர்ஜ் செய்து புஷ் செய்தால் ஆத்தர் நீங்கள், புஷ் செய்தது நான். சர்வரில் உள்ளே நுழையும்போது நடக்கும் அடையாளச் சோதனை ஒன்றுதான் உண்மை சொல்லும், அதாவது உங்கள் விஷயத்தில் எந்த கீ என்பது.

நீங்கள் ஒரே கணக்கைப் பயன்படுத்துவதால் கீயில் இருந்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு பாலம் வேண்டும். ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் ஒவ்வொரு கீக்கும் முன்னால் கமாண்ட் என்ற விருப்பத்தை வைக்கலாம். அதில் புஷ் செய்பவரின் பெயரை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் ஏற்றி, பிறகு எஸ்எஸ்ஹெச்-ஒரிஜினல்-கமாண்டில் இருப்பதை (அவர் உண்மையில் கேட்ட கட்டளை) கிட்-ஷெல்லிடம் (கிட் கட்டளைகளை மட்டும் அனுமதிக்கும் ஷெல்) ஒப்படையுங்கள். அந்த வேரியபிள் எல்லா ஹூக்குகளுக்கும் போய்ச் சேரும். கூடவே ரெஸ்ட்ரிக்ட் என்ற விருப்பத்தையும் போடுங்கள், போர்ட் ஃபார்வர்டிங் போன்றவை அடைபடும். ஒரு கவனம்: இப்படிச் செய்தால் 'கிட்' கணக்கின் லாகின் ஷெல் சாதாரண ஷெல்லாக இருக்க வேண்டும், அதுவே கிட்-ஷெல்லாக இருந்தால் உங்கள் கமாண்ட் வரி ஓடாது.

இதையே ஒழுங்காகச் செய்து வைத்திருப்பதுதான் கிட்டோலைட் என்ற மென்பொருள். கீ கோப்பின் பெயர்தான் ஆளின் பெயர், ஜிஎல்-யூசர் என்ற வேரியபிளில் அது ஹூக்குகளுக்குக் கிடைக்கும். மெயினுக்கு யார் எழுதலாம், யார் ஃபோர்ஸ் செய்யலாம் என்பதையும் ஒரே கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடலாம். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் நான் தயங்காமல் அதைத்தான் போடுவேன். ஆனால் கிட்டோலைட் தன் அனுமதிச் சோதனைக்கு அப்டேட் ஹூக்கைத்தான் வைத்திருக்கிறது, அதன் மேல் உங்கள் அப்டேட் ஹூக்கை வைத்துவிடாதீர்கள், காவலே போய்விடும். கூடுதல் சோதனைகளுக்கு அதில் வி-ரெஃப் என்று தனி வழி இருக்கிறது.

மெயில் தாமதத்துக்கு வருகிறேன். போஸ்ட்-ரிசீவ் முடியும்வரை சர்வர் இணைப்பை விடாது. பின்னணிக்கு அனுப்பினாலும் அந்த புரோசஸ் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டையும் எரர் அவுட்புட்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும், இரண்டையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். இன்னும் நல்லது, போஸ்ட்-ரிசீவ் ஒரு பதிவுக் கோப்பில் வரி மட்டும் எழுதட்டும்: நேரம், ஆள், ரெப்போ, ரெஃப், பழையது, புதியது. மெயிலை கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் சேவை) அனுப்பட்டும். மெயில் சர்வர் படுத்துவிட்டாலும் பதிவு இருக்கும். அழகான மெயில் வேண்டுமென்றால் பைதானில் எழுதிய கிட்-மல்டிமெயில் இருக்கிறது, புதிதாக எழுத வேண்டாம்.

நிராகரித்தவற்றையும் ப்ரீ-ரிசீவில் தனிக் கோப்பில் எழுதுங்கள். போஸ்ட்-ரிசீவுக்கு அவை வரவே வராது. எந்த விதியில் ஜனங்கள் அதிகம் முட்டுகிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். அப்புறம், பேர் ரெப்போக்களில் ரெஃப்லாக் (ரெஃப் நகர்வுகளின் பதிவு) இயல்பாக அணைந்திருக்கும். கோர் பிரிவில் லாக்-ஆல்-ரெஃப்-அப்டேட்ஸ் அமைப்பை ட்ரூ செய்தால் மெயின் எப்போது எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது சர்வரிலேயே பதிவாகும். செலவில்லாத காப்பீடு இது.

---

கல்தூண் மறுபடி:

டிக்கெட் எண் விதி பற்றி ஒரு வார்த்தை. எல்லா பிராஞ்சிலும் கட்டாயமாக்காதீர்கள். வேலை பாதியில் இருக்கும்போது மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் சர்வரில் பத்திரமாக வைக்கத்தான் பலர் புஷ் செய்கிறார்கள், அங்கே போய் எண் கேட்டால் புஷ் செய்வதையே தள்ளிப்போடுவார்கள், கோட் அவர்கள் மடிக்கணினியிலேயே கிடக்கும். மெயினுக்குள் வரும்போது கேளுங்கள். அப்படிச் செய்தால் --நாட் --ஆல் போதாது, ஏனென்றால் அந்தக் கமிட்டுகள் வேறு பிராஞ்ச் வழியாக ஏற்கெனவே சர்வருக்கு வந்திருக்கும், சோதனையில் இருந்து நழுவிவிடும். மெயினுக்குப் பழையது முதல் புதியது வரை என்ற எல்லையைத்தான் கேட்க வேண்டும், மெர்ஜ் கமிட்டுகளை --நோ-மெர்ஜஸ் போட்டு விட்டுவிடலாம்.

மறுப்புச் செய்தியில் என்ன தவறு என்பதோடு என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். எங்கள் சர்வரில் இப்படி வருகிறது:

ரிமோட்: மறுக்கப்பட்டது: 4f1c9e2 "லாகின் பக்கம் சரிசெய்தேன்"
ரிமோட்: செய்தியில் டிக்கெட் எண் இல்லை. எடுத்துக்காட்டு: பில்-214 லாகின் பக்கம்
ரிமோட்: கடைசிக் கமிட் என்றால் கமிட் --அமெண்ட், பழையது என்றால் ரீபேஸ் -ஐ

புதிதாகச் சேர்ந்தவர்கூட யாரையும் கேட்காமல் திருத்தி அனுப்பிவிடுகிறார்.

---

வெண்பலகை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பைப்பை எடுத்ததும் மறுப்பு சரியாக வேலை செய்கிறது, மெயின் காவலை அப்டேட் ஹூக்குக்கு மாற்றிவிட்டேன். கிட்டோலைட்டை அடுத்த வாரம் சோதனை சர்வரில் போட்டுப் பார்க்கிறேன். கடைசியாக இரண்டு கேள்விகள். இதையெல்லாம் அவரவர் கணினியில் ப்ரீ-புஷ் ஹூக்காக வைத்தால் போதாதா என்று எங்கள் அணியில் ஒருவர் கேட்கிறார். நாளை நாங்கள் கிட்ஹப்புக்கு மாறினால் இவை என்ன ஆகும்?

---

ஊதாக்குருவி:

கணினியில் இருக்கும் ஹூக் குளோன் செய்யும்போது கூட வராது, ஒவ்வொருவரும் தனியாக நிறுவ வேண்டும், நிறுவினாலும் --நோ-வெரிஃபை என்று சேர்த்தால் தாண்டிவிடலாம். தவறை முன்னாலேயே காட்டி நேரம் மிச்சப்படுத்த அது நல்லது, வையுங்கள். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அது சர்வரில் இருக்க வேண்டும், அங்கே தாண்டும் வழி புஷ் செய்பவர் கையில் இல்லை.

கிட்ஹப்பின் பொதுத் தளத்தில் உங்கள் சொந்த ப்ரீ-ரிசீவ் ஸ்கிரிப்டை ஓட்ட முடியாது. பிராஞ்ச் பாதுகாப்பு, ரூல்செட் என்று அவர்கள் தரும் விதிகளில் இருந்து தேர்ந்தெடுக்கலாம், அறிக்கைக்கு வெப்ஹூக் (புஷ் நடந்ததும் நீங்கள் தரும் இணைய முகவரிக்குத் தகவல் அனுப்புவது) இருக்கிறது, அதில் புஷ் செய்தவர் பெயர் தானாகவே வரும். சொந்தச் சர்வரில் நிறுவும் கிட்ஹப் என்டர்பிரைஸில் ப்ரீ-ரிசீவ் உண்டு. சொந்தமாக நிறுவும் கிட்லேபிலும் சர்வர் நிர்வாகி ஹூக் போடலாம். எழுதிய ஸ்கிரிப்டை வீணாக்க மனமில்லை என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

மாற்றும் ஒவ்வொரு தடவையும் நேரடி ரெப்போவில் சோதிக்காதீர்கள். டெம்ப் டைரக்டரியில் பேர் குளோன் ஒன்று எடுத்து அதில் ஹூக்கை வைத்து, எக்ஸிக்யூட் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்குப் புஷ் செய்யுங்கள். சாதாரணப் புஷ், புது பிராஞ்ச், பிராஞ்ச் அழிப்பு, டேக், ஃபோர்ஸ் புஷ், ஒரே புஷ்ஷில் இரண்டு பிராஞ்ச், இத்தனையும் ஓட்டிப் பார்த்த பிறகு உண்மையான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.